கரித்துண்டோடு வா

இன்வெர்லியா,
டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன் ருவாரிக்கு,

உன் பெய்கி அத்தை ஆண்டவரை முன்னிட்டு எழுதுவது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ நல்ல உடம்போடும் நல்ல நிதானத்தோடும் இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, உனக்குப் பிறந்ததிலிருந்தே காளை உடம்பு. நிதானத்துக்குத்தான் முழங்காலில் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டியிருந்தது.

ஃபோனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். சொன்னேனே! நான் வாயைத் திறந்ததும் "அத்தை, பிரசங்கம் வேணாம்"னு சொல்லி வைத்துவிடுகிறாய். போன வாரம் மட்டும் மூன்று தடவை வைத்தாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசை மேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இங்கே நான்கு நாளாகப் பேய்க்காற்று. கோழிக்கூட்டின் கூரை பறந்து போய் ஏரியில் விழுந்தது. இரண்டு கோழிகளைக் காணோம். சபையின் ஜன்னல் ஒன்று உடைந்து, போதகர் பிரசங்கம் பண்ணும்போது மழை அவர் கழுத்திலேயே அடித்தது. ஆனாலும் மனுஷன் ஒரு வார்த்தையைக் குறைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பழைய கூட்டாளி கென்னி உனக்கு என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். அவன் மதுக்கடையில் நின்று உன்னோடு ஃபோனில் பேசியதை ஊரே கேட்டிருக்கிறது. "மலை ஏற வந்த ஒருத்தன் கார்ன் லீயா மேல வச்சு உங்கப்பனக் கொல்லப் பாத்தான்டா. தாடையப் பேத்து, கால ஒடிச்சுப் போட்டுட்டான். நீ என்னடான்னா நார்வேயில மீனுக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்க!" இதுதானே? அதற்கு நீ சொன்ன பதிலும் வந்து சேர்ந்தது. "வர்ற புது வருஷம் அந்தாளு வீட்டு வாசப்படியில மொதக் கால் என்னோடதுதான். கையில கரி இருக்காது, சுத்தியல் இருக்கும்."

ருவாரி, அந்த முதல் கால் எதற்கு என்று மறந்துவிட்டாயா? வருஷம் பிறந்ததும் கறுத்த முடிக்காரன் ஒருவன் கரித்துண்டோடு முதலில் உள்ளே வந்தால் அந்த வீட்டில் அடுப்பு அணையாது என்று நாம் வைத்திருக்கிற வழக்கம் அது. அதைப் போய் ஒரு மனுஷன் மண்டையை உடைக்க எடுத்துக்கொள்கிறாயே. கென்னி சொல்லிவிட்டுச் சிரிப்பான். ஜெயிலுக்குப் போகிறவன் நீ.

நடந்ததை நான் சொல்கிறேன். அடித்தவன் வாயாலும் கேட்டேன், அடிபட்டவன் வாயாலும் கேட்டேன். இரண்டும் ஒத்துப் போயிற்று. நம் ஊரில் ஒரே வீட்டில் இருக்கிற புருஷன் பெண்டாட்டி சொல்வதுகூட அப்படி ஒத்துப் போனதில்லை.

அந்த ஆள் பெயர் ஆர்ச்சி கில்மோர். பெய்ஸ்லிக்காரர். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவி இசபெலும் நம் நாட்டில் மூவாயிரம் அடிக்கு மேலே உள்ள மலைகளை எல்லாம் ஏறி முடிக்கிற பைத்தியம் பிடித்த கூட்டம். உனக்குத் தெரியும், நான் இவர்களை எப்போதும் நல்லபடியாகச் சொன்னதில்லை. பூட்ஸுக்கும் சட்டைக்கும் கொள்ளைக் காசு கொடுத்துவிட்டு, நம் ஆடு சும்மா ஏறுகிற இடத்துக்கு மூச்சு வாங்க ஏறி, "ஆஹா"ன்னு சொல்லிவிட்டு இறங்குகிறவர்கள். போகும்போது வேலிக் கதவையும் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள். இசபெலுக்கு எல்லா மலையும் முடிந்து கார்ன் லீயா ஒன்றுதான் மிச்சம் இருந்ததாம். ஏறியிருக்கிறார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மலைமுதுகு இரண்டாகப் பிரிகிற கவையில் மூடுபனி இறங்கிவிட்டது. அடுத்த வருஷம் வரலாம் என்று அங்கிருந்தே திரும்பிவிட்டார்கள். அந்த அடுத்த வருஷத்துக்குள் அவளுக்குப் புற்றுநோய் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவர் அவள் சாம்பலை ஒரு தகர டப்பாவில் கொண்டு வந்து, அவள் திரும்பிய அதே கவையில் வைத்து, சுற்றிக் கல் அடுக்கி மூடியிருக்கிறார். இடுப்பு உயரத்துக்கு அழகாக அடுக்கினாராம். மெக்கானிக் கை அல்லவா.

எந்தக் கவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீ கல் அடுக்கின அதே இடம்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் இதைச் சொல்லாமல் உன் அப்பா செய்தது உனக்குப் புரியாது. அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. மலை ஏற வருகிறவர்கள் இறங்கும்போது வழி தவறக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் நீ கல் அடுக்கினாய். பனிமூட்டத்தில் இடம் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. வலது முதுகுக்கு வைக்க வேண்டிய அடையாளத்தை இடது முதுகின் தலையில் வைத்துவிட்டாய். அந்த அபர்டீன் பையன்கள் இரண்டு பேரும் அதை நம்பி இடது பக்கமாக இறங்கி, செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்தார்கள். கீழே போய் அவர்களைத் தூக்கி வந்தவன் உன் அப்பா. ஒருவனுக்கு முகமே இல்லை என்று சொன்னான். அப்படியே வந்து, ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல், மான் வேட்டைக்குக் கொண்டு போகிற தடியால் உன்னை முற்றத்தில் போட்டு அடித்தான். தடி இரண்டாகப் போகும்வரை அடித்தான். உன் கை ஒடிந்த சத்தம் எனக்குச் சமையலறையில் கேட்டது. குறுக்கே வந்த எனக்கும் ஒன்று விழுந்தது. மறுநாள் நீ போய்விட்டாய். ஆறு வருஷம்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்று முதல் அவன் அந்த மலைமுதுகு நெடுக ஒரு கல்லின் மேல் ஒரு கல் இருக்க விட்டதில்லை. உச்சியில் இருக்கிற பழைய பெரிய குவியலைத் தவிர, வழியில் யார் எதை அடுக்கினாலும் உதைத்துத் தள்ளுவான். மலை ஏறுகிறவர்கள் திட்டினார்கள். அவனை மான் காவலுக்கு வைத்திருக்கிற எஸ்டேட் முதலாளியே கூப்பிட்டுக் கேட்டார். "மலைக்கு வர்றவன் மலையப் பாத்து நடக்கட்டும், கல்லப் பாத்து நடக்க வேணாம்"னு சொல்லிவிட்டான். உண்மைக் காரணத்தை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

அக்டோபர் கடைசி வாரம் பெண்மான் சுட மேலே போனான். ஃப்ரூக் கூட இருந்தது. உன் காலத்து நாய் இல்லை, அதன் மகள். கவையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல். நீ அடுக்கிய அதே இடத்தில். "அக்கா, எனக்குக் கண்ணு இருட்டிப் போச்சு"ன்னு பிறகு சொன்னான். காலால் உதைத்திருக்கிறான், தடியால் நெம்பியிருக்கிறான். கல்லோடு கல்லாக டப்பாவும் உருண்டு மூடி திறந்துகொண்டது. மேல்காற்று. சாம்பல் அப்படியே எழும்பி அவன் முகத்தில், மீசையில், வாயில் அடித்தது. என்ன ஏது என்று தெரியாமல் அவன் காறித் துப்பினான்.

கில்மோர் அன்றைக்குத்தான் மனைவியைப் பார்க்க வந்திருக்கிறார். காற்றுக்கு ஒதுங்கிப் பாறை மறைவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், கல் உருளும் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறார். தன் பெண்டாட்டியை ஒருவன் துப்பிக்கொண்டிருக்கிறான்.

"அது என் வீட்டுக்காரிடா!"ன்னு கத்திக்கொண்டே ஓடி வந்தாராம். உன் அப்பாவுக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் ஒரு நல்ல மனுஷன் என்ன செய்வான்? தொப்பியைக் கழற்றுவான். உன் அப்பா என்ன சொன்னான் தெரியுமா? "இது சுடுகாடு இல்ல. இங்க குப்பை கொட்டக் கூடாது." வாயிலிருந்து வந்துவிட்டது என்கிறான். அவன் வாய் அப்படித்தான், உள்ளே எவ்வளவு வெட்கமோ வெளியே அவ்வளவு விஷம். உனக்கும் அந்த வாய்தான் வந்திருக்கிறது.

முதல் அடி கில்மோர் அடித்தது, அதை அவர் மறைக்கவில்லை. மூக்கில் விழுந்தது. உன் அப்பா தடியைச் சுழற்றியதில் அவருடைய விரல் இரண்டு ஒடிந்தது, நெற்றி கிழிந்தது. நாய் அவர் கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அவர் காலை உதறி உதைத்தார். நாய் விளிம்புக்கு அப்பால் போய்விட்டது. அது கத்தவே இல்லையாம். ஒரு கல் விழுகிற மாதிரி விழுந்தது என்றார்.

அப்போதுதான், ருவாரி, உன் அப்பா துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தான்.

இதைக் கென்னி உனக்குச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு. ஆஸ்பத்திரியில் உன் அப்பாவின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, "குண்டு போட்டிருந்தியா, ஃபார்க்கர்?"னு கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினான். "சுட்டிருப்பியா?" கண்ணைத் திறக்கவே இல்லை. மறுபடியும் தலையை ஆட்டினான்.

கில்மோர் குழலைப் பிடித்துத் தள்ளியதில் வெடி அவர் இடது காதை உரசிக்கொண்டு வானத்தில் போனது. காது மடல் கிழிந்து தொங்கிற்று. இன்றுவரை அந்தக் காது கேட்கவில்லை. அவர் துப்பாக்கியைப் பிடுங்கி, கட்டைப் பக்கத்தால் ஒரே வீச்சு. உன் அப்பாவின் தாடை அங்கேதான் போனது. பின்னால் சாய்ந்து பாறைகளுக்கு நடுவே விழுந்ததில் கால் முழங்காலுக்குக் கீழே மடங்கிவிட்டது. கில்மோர் துப்பாக்கியைப் பாறையில் அடித்து உடைத்து எறிந்தார். உன் அப்பாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நடந்து போய்விட்டார்.

ஆமாம், போய்விட்டார். அதையும் அவரே சொன்னார். "விட்டுட்டுப் போனேம்மா. திரும்பி வரணும்னு நெனக்கக்கூட இல்ல. கெடந்து சாவட்டும்னுதான் போனேன்."

அதற்குள் ஆலங்கட்டியும் பனியும் கலந்து அடிக்க ஆரம்பித்துவிட்டது. தன் கையே தனக்குத் தெரியவில்லை. கவையில் எந்தப் பக்கம் இறங்குவது என்று சொல்ல ஓர் அடையாளம் இல்லை. ஆறு வருஷமாக உதைத்துத் தள்ளியவன் எதை விட்டு வைத்தான்? மனுஷன் இடது பக்கம் இறங்கினார். காலடியில் ஒரு கல் உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கவே இல்லையாம். அப்படியே உட்கார்ந்து, தவழ்ந்து தவழ்ந்து பின்னால் ஏறி வந்தார். வந்த இடத்தில் கற்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. மலைமேல் கல்லெல்லாம் பாசி பிடித்துச் சாம்பல் நிறமாக இருக்குமே, இவை மட்டும் அப்போதுதான் புரட்டியதால் ஈரமாக, வெளுப்பாக. இசபெலின் கற்கள். அவற்றுக்கு நடுவில் உன் அப்பா, வாயிலிருந்து ரத்தம் வழிய.

ஒருவனுக்கு வழி தெரியும், நடக்க முடியாது, பேச முடியாது. இன்னொருவனுக்குக் கால் இருக்கிறது, வழி தெரியாது. ஃபோனில் சிக்னல் இல்லை. "ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தர ஒருத்தர் மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்தோம், அப்புறம் நான் குனிஞ்சேன்"னார் கில்மோர். உன் அப்பா ஒல்லிதான், இருந்தாலும் ஒடிந்த விரலோடு ஒரு ஆளை முதுகில் ஏற்றுவது லேசா?

வழி எப்படிச் சொன்னான் என்று கேள். காதைப் பிடித்து! மான் சுமக்கிற குதிரையை நடத்துகிற மாதிரி. வலது காதை இழுத்தால் வலது பக்கம். இடது காதை இழுத்தால் இடது பக்கம். இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்தால் நேராக வா என்று அர்த்தம். அந்த இடது காது கிழிந்து தொங்குகிற காது, மருமகனே. ஒவ்வொரு இடது திருப்பத்துக்கும் மனுஷன் அலறியிருக்கிறார். "வேணும்னேதான் இழுத்தான்மா. அந்த மலையில அத்தன எடது திருப்பம் கெடையாது"ன்னு இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் அப்பாவிடம் கேட்டேன். கம்பி கட்டிய வாயோடு அவன் சிரித்ததில் தையல் பிரிந்து, நர்ஸ் என்னைத் திட்டினாள்.

பொழுது சாயும் நேரம். நான் சூப்புக்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ காலால் உதைக்கிறார்கள். திறந்தால், நெற்றியெல்லாம் ரத்தமாக ஒரு சிவப்பு முடிக்காரர், அவர் முதுகில் என் தம்பி, கோணிப்போன முகத்தோடு. அவனை அடுப்படி பெஞ்சில் இறக்கிவிட்டு, "நான்தாம்மா இவர அடிச்சேன். கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவக்கூட யோசிக்கிற நான், கரித்தொட்டியில் கிடந்த இரும்புச் சட்டுவத்தை எடுத்து அவர் தோளில் ஒன்று போட்டேன். இரண்டாவதற்கு ஓங்கினேன். அவர் தடுக்கவில்லை. உன் அப்பாதான் பெஞ்சிலிருந்து கீழே விழுந்து, தவழ்ந்து வந்து, என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். வாயைத் திறக்க முடியாதவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டான், தாயைப் பிரிந்த கன்று போடுகிற சத்தம். அப்புறம்தான் நான் சட்டுவத்தைக் கீழே வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வருவதற்குள் சூப்பும் கொடுத்தேன், அது வேறு விஷயம்.

நீ செய்ய நினைப்பதை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதில் ஒன்றும் இல்லை, ருவாரி. கை இரண்டு நாள் வலித்தது, அவ்வளவுதான்.

கென்னியும் அவன் கூட்டாளிகளும் மறுநாளே வரிசைக்கு வந்துவிட்டார்கள். கார்ன் லீயா அடிவாரத்தில் நின்ற அவர் வேனின் கண்ணாடி எல்லாவற்றையும் உடைத்து, டயரைக் கிழித்து, உள்ளே இருந்ததை அள்ளி ஏரியில் எறிந்தார்கள். எறிந்ததில் இசபெலின் நடை பூட்ஸும் போனது. எனக்குத் தெரிந்ததும் கென்னியைக் காதைப் பிடித்து, சபையார் பார்க்கத் தண்ணீரில் இறக்கினேன். "அத்தை, குளுருது, அத்தை"ன்னு அழுதான். "அந்தப் பொம்பளைக்கும்தான்டா குளுருது"ன்னேன். ஒரு பூட்ஸ்தான் கிடைத்தது. ஆக, பழிக்குப் பழி என்று கணக்குப் பார்த்தால் உனக்கு மிச்சம் வைக்கவில்லை.

இன்வெர்னஸிலிருந்து ஒரு இளம் போலீஸ்காரர் வந்தார். இரண்டு பேரும் விழுந்ததாகவே சொன்னார்கள், ஒருவர் வாயால், ஒருவர் தலையசைத்து. "ரெண்டு பேரும் ஒரே கல்லுலயா விழுந்தீங்க?"ன்னு அவர் கேட்டார். கில்மோர், "பெரிய கல்லுங்க"ன்னார். என்னிடம் வந்தபோது நான் பொய் சொல்லவில்லை. ஓட்ஸ் ரொட்டி சாப்பிடுங்கள், வெண்ணெய் வீட்டில் கடைந்தது என்றேன். நான்கு சாப்பிட்டுவிட்டுப் போனார். நீ பெய்ஸ்லியில் போய்ச் சுத்தியலை எடுத்தால் அவர் திரும்பி வருவார். அப்போது வெண்ணெய் போதாது. துப்பாக்கி விஷயம் வெளியே வரும். நீ ஒரு ஜெயிலில், நடக்க முடியாத உன் அப்பா இன்னொரு ஜெயிலில். நான் இரண்டு இடத்துக்கும் பஸ் ஏற வேண்டும்.

(புதன்கிழமை. நேற்று விளக்கு போய்விட்டதால் நிறுத்தினேன். ஒரு கோழி கிடைத்துவிட்டது, உயிரோடு, போதகர் வீட்டு விறகுக் கொட்டகையில். அவர் அதைத் திருப்பித் தரும்போது முகம் வாடியிருந்தது.)

நான் மலை ஏறினேன். சிரிக்காதே. ஐம்பத்தேழு வயதில் ஏறினேன். சமையலறை ஜன்னலிலிருந்து அந்த மலையைப் பார்த்தே பாத்திரம் கழுவிய நான், ஒரு நாளும் கால் வைத்ததில்லை. உன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், பல்லுக்கிடையில் ஒவ்வொரு சொல்லாகத் துப்பினான்: "அவள... உச்சியில... வைக்கணும். கவையில... வேணாம்." கில்மோருக்குத் தகவல் அனுப்பினேன். நவம்பர் கடைசியில் காற்றே இல்லாத ஒரு நாள், தரையெல்லாம் உறைபனி. அவர் காதில் கட்டோடு வந்தார். என் முழங்கால் இரண்டும் கிறீச்சிட்டன, வழியெல்லாம் ஆண்டவரைக் கூப்பிட்டேன். "அவர் மேலதாம்மா இருக்காரு, இன்னும் கொஞ்சம் ஏறுங்க"ன்னார் கில்மோர். அப்படிப் பேசக் கூடாது என்று கண்டித்தேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

பாறைக்குக் கீழே நாயைக் கண்டோம். காக்கைகள் முந்திவிட்டன. இருந்ததைக் கல்லால் மூடினோம், அவர்தான் மூடினார், மண்டியிட்டு அழுதுகொண்டே. டப்பா பாறை இடுக்கில் நசுங்கிக் கிடந்தது. அடியில் ஒரு கைப்பிடி சாம்பல் மிச்சம் இருந்தது. அதைக் கொண்டு போய் உச்சியில், பெரிய குவியலுக்குள் வைத்தோம். ஒரு கல் அவர் வைத்தார். ஒரு கல் உன் அப்பாவுக்காக நான் வைத்தேன்.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். மேற்கே கடல், தீவுகள் எல்லாம் மிதக்கிற மாதிரி. நான் கேள்விப்பட்டு மட்டும் இருந்த மலைகள் வரிசை வரிசையாக, வெள்ளைத் தொப்பியோடு. கீழே நூல் மாதிரி புகை, அது என் அடுப்புப் புகை. கொடியில் நான் காயப்போட்ட போர்வைகூடத் தெரிந்தது. இத்தனை வருஷம் அதற்குள் இருந்துகொண்டு எவ்வளவு சண்டை, எவ்வளவு சத்தம். மேலிருந்து பார்த்தால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்தேன் என்றால் உனக்கு நம்பிக்கை வராது, கில்மோரைக் கேட்டுக்கொள். அந்தப் பைத்தியங்கள் எதற்கு ஏறுகிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. வேலிக் கதவைச் சாத்தினால் இன்னும் நன்றாக இருக்கும்.

இறங்கும்போது கவையில் நின்றோம். கில்மோர் ஒடிந்து கூடிய விரலோடு மூன்று கல்லை எடுத்து ஒன்றன் மேல் ஒன்று வைத்தார், சரியான இடத்தில், வலது முதுகின் தலையில். உன் அப்பா வரைந்து காட்டி அனுப்பிய இடம். ஆமாம், உன் அப்பா. வந்ததும் சொன்னேன், மூன்று கல் வைத்தாயிற்று என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "பையன்... சரியாத்தான்... நெனச்சான். பனி... ஏமாத்திடுச்சு"ன்னான். நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொன்னது அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்கப்போவதைக் கவனமாகப் படி. நீ புது வருஷத்துக்குப் பெய்ஸ்லி போனால் பூட்டிய வீட்டைத்தான் தட்டுவாய். கில்மோர் இங்கே இருப்பார். உன் அப்பாதான் கூப்பிட்டான். துணியில் கட்டி அவிக்கிற புட்டுக்குத் திராட்சை ஊறப் போட்டுவிட்டேன், மான்தொடை உப்பில் இருக்கிறது. ஆகவே உன் சுத்தியலுக்கு வேலை வேண்டுமானால் நீ எங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டும், நான் குறுக்கே நிற்பேன், கையில் இரும்புச் சட்டுவம் இருக்கும்.

ஆனால் எங்களுக்கு வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. முதல் கால் வைக்க ஆள் இல்லை. கில்மோருக்குச் சிவப்பு முடி. சிவப்பு முடிக்காரன் முதலில் வந்தால் வருஷம் முழுக்கச் சாவுதான், ஆகவே அவரை முந்தின நாளே உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுவேன். கென்னிக்கு முடியே இல்லை. போதகர் நரைத்துவிட்டார். இந்த வீட்டில் கறுத்த முடியோடு பிறந்தவன் நீ ஒருவன்தான். நீ போனதிலிருந்து ஆறு புது வருஷம் கறுத்த தலை எதுவும் அந்த வாசலைத் தாண்டவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், அவனுக்குத் தெரிய வேண்டாம். ஆறு வருஷமும் அந்த ராத்திரி உன் அப்பா என்னைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விட்டதில்லை. "காத்து உள்ள வரட்டும்"பான். டிசம்பர் மாசத்தில் யாராவது காற்றை உள்ளே கூப்பிடுவார்களா?

வா, கண்ணு. கையில் ஒரு கரித்துண்டு கொண்டு வா. வேறு எதையும் கொண்டு வராதே.

பெரியவர்கள் எல்லாம் ஆண்டவர் உன் காலடியைக் காக்க வேண்டும் என்று கேட்பார்கள். உன் காலைப் பற்றி எனக்குப் பயமில்லை, அது மலையில் வளர்ந்த கால். ஆண்டவர் உன் கையைக் காக்கட்டும். உன் வாயையும் காக்கட்டும். உன்னை எங்கள் வாசல்வரை கொண்டுவந்து விடட்டும்.

உன்னைத் தினமும் முழங்காலில் நினைக்கிற,
பெய்கி அத்தை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உன் அப்பாவிடம் போய், "ருவாரிக்கு எழுதியிருக்கேன், உன் பங்குக்கு என்ன எழுதட்டும்?"னு கேட்டேன். ரொம்ப நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையையும் தூக்கி, தன் காது இரண்டையும் பிடித்துக்கொண்டான். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும் விடவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று மேலே எழுதியிருக்கிறேன்.